பின்னோக்கி நடந்தவள்

பின்னோக்கி நடப்பதற்குத் தட்டையான செருப்புதான் ஏற்றது, ஐயா. குதி கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். எங்கள் கொயோவாகான் பேட்டைத் தெருக்களில் பாதிக்குமேல் உருண்டைக் கல் பதித்தவை. என் தங்கை நியேவெஸுக்கு முதல் ஜோடியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நான் போட்டிருந்ததும் அதே செருப்புதான் என்றாலும் அவள் காலில் அது அழகாக இருந்தது.

சாட்சி வாக்குமூலத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பழைய வீட்டுக் காவலாள் கிறிஸ்பின் கிணற்று மூடியைப் போட மறந்துவிட்டார், என் தங்கை விழுந்து செத்துவிட்டாள் என்று அதில் இருக்கிறது. எங்கள் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் பாதி ஆயுளை வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பேட்டையைச் சுற்றிக் காட்டியே கழித்திருக்கிறேன். ஓநாய்ச் சிலை நிற்கும் நீரூற்றில் தொடங்குவோம். ஓவியர்கள் குடியிருந்த வீடுகள், சிறிய மஞ்சள் தேவாலயம், சந்தை எல்லாம் சுற்றி, கூரையில் பறவைகள் வரைந்த பழைய வீட்டில் முடிப்போம். நடக்கும்போது கூட்டத்துக்கு முதுகைக் காட்டக் கூடாது. காட்டினால் ஒருத்தர் சோள வண்டிக்கும் ஒருத்தர் தோடு விற்கும் கடைக்கும் போய்விடுவார்கள். அதனால் முன்னால் போகிறவர் முகத்தைக் கூட்டத்துக்குக் காட்டி, பேசிக்கொண்டே பின்னோக்கி நடக்க வேண்டும். இன்னொருத்தர் கூட்டத்தின் கடைசியில் நின்று வழி சொல்ல வேண்டும். படி என்றால் முன்னால் போகிறவர் காலைத் தூக்குவார், கம்பம் என்றால் விலகுவார். திரும்பிப் பார்க்கவே மாட்டார். முன்னால் போகிறவரின் கண் பின்னால் இருப்பவரின் வாயில்தான் இருக்கிறது.

நியேவெஸ் தொலூக்காவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அந்த வேலை போனதும் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைசியில் நின்று குரல் கொடுக்க அவளைப் பழக்கினேன். ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அவள் முன்னால் போனாள். அதற்குப் பிறகு முன்னால் போகும் வேலை எனக்கு வரவே இல்லை. தொண்டை இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

நான் உண்மையைச் சொல்கிறவள். எந்த வீட்டை யார் கட்டினார்கள், கல் எங்கிருந்து வந்தது, யார் கைக்கு மாறியது, எல்லாம் சரியாகச் சொல்வேன். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள், கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விடுவார்கள். அவளோ ஒரு பச்சைக் கதவின் முன்னால் நின்று, மனைவியிடம் மன்னிப்புக் கேட்டு ஓர் ஓவியர் விடிய விடிய நெற்றியால் முட்டிய பள்ளம் இது என்பாள். உண்மையில் அது எரிவாயு சிலிண்டர்க்காரன் இடித்த பள்ளம். இடித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஜனங்கள் வரிசையில் நின்று அதைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு பெண் முத்தம்கூடக் கொடுத்தாள்.

பொய் சொல்லாதே என்று எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொன்னேன்.

"அக்கா, நீ சொன்னா அது வழக்கு. நான் சொன்னா அது கதை" என்றாள்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் நான் பொறாமைக்காரி இல்லை, ஐயா. அப்படிப்பட்டவளாக இருந்தால் அன்றைக்கே அவள் பையைத் தெருவில் வைத்திருப்பேன். அதன் பிறகும் அவளுக்குச் சோறு போட்டேன், துணி துவைத்துக் கொடுத்தேன்.

பல்தசாரைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு மீதி விளங்கும். சந்தைக்குப் பின்னால் படங்களுக்குச் சட்டம் செய்யும் கடை வைத்திருந்தான். தலைமுடியில் எப்போதும் மரச்சுருள் ஒட்டியிருக்கும், நான்தான் எடுத்துவிடுவேன். எங்கள் கல்யாணத்துக்கு உடுப்புத் தைத்தாகிவிட்டது. ஒரு வேலையாகத் திகுவானா போனவன் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். அது தெரியாமல், அப்போது நான் குடியிருந்த வீட்டின் மஞ்சள் மாடத்தில் நின்று பல மாதம் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவரைப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நியேவெஸிடம் சொன்னேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கூட்டத்தை அந்த மஞ்சள் மாடத்துக்குக் கீழே நிறுத்தினாள். மரச்சுருளிலிருந்து தொடங்கினாள். கல்யாண உடுப்பு வந்தது, தெருமுனை வந்தது. எதையும் விடவில்லை. ஆனால் அந்த மாடத்தில் நின்றவள் நான் இல்லை. "நான் காத்துக்கிட்டே இருந்தேங்க" என்று சொல்லித் தொண்டையில் கை வைத்துக்கொண்டாள். வெராக்ரூஸிலிருந்து வந்த ஓர் அம்மாள் தன் சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டார். நான் கூட்டத்தின் கடைசியில், அந்த அம்மாளின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மாம்பழத்தை நறுக்கி மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருந்தாள்.

"அது என்னுது, நியேவெஸ்."

"உன்னுதுதான், யாரு இல்லேன்னா? நீ உள்ள போட்டுப் பூட்டி வெச்சிருந்தே. சும்மா கெடந்ததை எடுத்து நான் பொழைக்கிறேன்."

"காத்துக்கிட்டு நின்னது நான்."

"நின்னே. ஆனா உனக்கு அழக்கூடத் தெரியலையே, அக்கா. நான் அழுதா ஊரே அழுவுது."

பெரிய துண்டாகப் பார்த்து எனக்குக் கொடுத்தாள். அவள் கெட்டவள் இல்லை. நான் வாங்கித் தின்றேன், நன்றாகப் பழுத்திருந்தது. மறுநாள் அந்த மாடத்தைக் கடந்து போகும்போது பல்தசாரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். முகம் வந்தது. ஆனால் அவன் நியேவெஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை முறை நினைத்தாலும் என் பக்கம் திரும்பவே இல்லை. அதை என்னால் பொறுத்துக்கொண்டிருக்க முடியாது, ஐயா. வேறு யாராக இருந்தாலும் முடியாது.

இப்போது அந்தப் பறவை வீட்டுக்கு வருவோம். வாசலிலிருந்து முற்றத்துக்கு ஒரு குறுகிய நடைவழி உண்டு. பறவைகள் வரைந்திருப்பது அந்த நடையின் கூரையில்தான். நடை முடிகிற இடத்தில் ஒரு பாழுங்கிணறு. கைப்பிடிச் சுவரை எந்தக் காலத்திலோ இடித்துவிட்டார்கள், தரையோடு தரையாக இருக்கும். மேலே கனமான பலகை மூடி. மூடியின் மேல் பாய் விரித்துக் கிறிஸ்பின் மிளகாய் காயவைப்பார். நியேவெஸ் நடைக்குள் நுழைந்ததும், "எல்லாரும் மேல பாருங்க, நான் சொல்ற வரைக்கும் தலையை எறக்கக் கூடாது" என்பாள். அப்படியே பேசிக்கொண்டு பின்னால் போவாள். மூடி கொஞ்சம் உயரமாக இருப்பதால் நான் மேடு என்பேன். அவள் இடதுபக்கம் ஒதுங்கி முற்றத்தில் இறங்குவாள்.

கிறிஸ்பின் எதையும் மறக்கவில்லை. காலையில் அவர் சோள ரொட்டி வாங்கப் போவார், அங்கே எப்போதும் வரிசை இருக்கும். அவள் விழுந்த அன்று நான் அந்த நேரம் பார்த்துப் போனேன். மூடியைத் தூக்க முடியவில்லை, நகர்த்த முடிந்தது. சுவரோரச் செடிகளின் மறைவில் தள்ளிவிட்டுப் பாயைப் பழையபடி கிணற்றின் மேல் இழுத்து விரித்து, ஓரங்களுக்குக் கல் வைத்தேன். மிளகாயையும் அவர் பரப்புவதுபோலவே பரப்பினேன். பழுத்ததை ஒரு பக்கமும் செங்காயை ஒரு பக்கமும் போடுவது அவர் வழக்கம். அதையும் மாற்றவில்லை.

அப்போதும் நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். மேடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் ஒதுங்கிவிடுவாள். அன்று வழி முழுவதும் ஒழுங்காகத்தான் குரல் கொடுத்தேன். சந்தை மூலையில் ஒரு சைக்கிள்காரன் தலைதெறிக்க வந்தான். வண்டி என்று கத்தினேன், அவள் விலகினாள், சைக்கிள் உரசிக்கொண்டு போனது. அன்றைக்கு ஒருமுறை அவள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நடைக்குள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெராக்ரூஸ் சால்வையைப் போட்டிருந்தாள். பேசிக்கொண்டே பின்னால் போனவள் நடை முடிகிற இடத்தில் நின்றாள். காலுக்குப் பழகிய இடம் அல்லவா? திரும்பவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மேடு வந்துடுச்சா, அக்கா?"

"இன்னும் இருக்கு, வா" என்றேன்.

வந்தாள்.

சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஒருத்தரும் தலையை இறக்கவில்லை. அவள்தான் இறக்கச் சொல்லவில்லையே.

கிறிஸ்பின் மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்கிறேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். பாவம், அவருக்குக் காதும் சரியாகக் கேட்காது. தானே மறந்திருப்போமோ என்று இப்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். ஆனால் இத்தனை நாள் அவர் உங்கள் காவலில் இருந்தபோது நான் நன்றாகத்தான் தூங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுப் பக்கம் போனேன். வாசல் கம்பியில் ரோஜாப்பூக்களைச் செருகியிருந்தார்கள். வேறொரு வழிகாட்டிப் பெண், மஞ்சள் குடை வைத்திருப்பவள், பெரிய கூட்டத்தை நிறுத்திக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கடைசியில் போய் நின்றுகொண்டேன். ஊரையே அழவைத்த நியேவெஸ் என்று ஒருத்தி இருந்தாளாம். படச்சட்டக் கடைக்காரனுக்காக மஞ்சள் மாடத்தில் காத்துக் கிடந்தாளாம். மறதிக்காரக் கிழவன் ஒருவன் மூடியைப் போடாமல் விட்டானாம். நல்ல கதைதான். முன்வரிசையில் மூக்கை உறிஞ்சினார்கள்.

ஓர் ஆள் கேட்டான், "அந்தப் பொண்ணுக்குன்னு யாரும் இல்லையா?"

"யாரும் இல்லைங்க. தனி ஆள்" என்றாள் குடைக்காரி.

அந்தக் கதையில் மரச்சுருள் இருக்கிறது, ஐயா. பாய் இருக்கிறது, காயவைத்த மிளகாய்கூட இருக்கிறது. என் பல்தசார் இருக்கிறான். நான் இல்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுங்கள். என் பெயர் ஒதீலியா. அது முதல் வரியிலேயே வரட்டும்.