புதன்கிழமைக் கீறல்

பற்பசை போட்டுத் தேய்த்தால் லேப்டாப் கீறல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மேடம். கீறல் போகாது. அதைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குப் பளபளப்பு மங்கும், கீறல் இன்னும் எடுப்பாகத் தெரியும். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். என் ஜன்னலுக்குப் பாதிப் பேர் பற்பசை வாசனையோடுதான் வருவார்கள்.

விசாரணையில் நீங்கள் கேட்டது இது இல்லை. தெரியும். என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது அடிக்கடி நடப்பதில்லை, அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல் கடந்து வந்து இந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு லேப்டாப், போன், பை எல்லாம் என் ஸ்டோர் ஜன்னல் வழியாகத்தான் போகும். வேலையை விட்டு ஊருக்குப் போகிறவர்கள் அதே ஜன்னலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊருக்குப் போக ஏழு கையெழுத்து. ஏழும் இருந்தால்தான் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கைக்கு வரும். போனை வாங்கிக்கொண்டு ஆறாவது கையெழுத்தும் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு ஏழாவது கையெழுத்தும் போடுவது நான். மற்ற ஐந்து பேருக்கும் மேல்மாடியில் அறை, சுழலும் நாற்காலி, பெயர்ப்பலகை. எனக்குக் கீழ்த்தளம், ஒரு ஜன்னல், கழுத்தை வளைக்கக்கூடிய ஒரு விளக்கு. ஆனாலும் கடைசிக் கையெழுத்து என்னுடையது. இதை நினைத்து நான் எத்தனை முறை தனியாகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்த விளக்குதான் என் ஆயுதம். நேர் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. விளக்கைப் படுக்க வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அப்போது ஒன்றுமில்லாத இடத்திலெல்லாம் கோடு எழும்பி நிற்கும். பிறகு நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேல் கீறல், மெருகு போட்டு எடுத்துவிடலாம். நகம் சிக்கினால் ஆழம். அதற்கு வைத்தியம் கிடையாது. படிவத்தில் லேப்டாப்பின் உருவம் அச்சடித்திருக்கும். கீறல் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அது விழுந்த தேதியை எழுதுவேன். தேதி தெரியாவிட்டால் கேள்விக்குறி.

கீறலைப் பார்த்தே ஆளைச் சொல்வேன். மோதிரம் போடுகிறவர், சாவியையும் லேப்டாப்பையும் ஒரே பையில் திணிக்கிறவர், கோபம் வந்தால் மூடியைத் தட்டுகிறவர். உங்கள் லேப்டாப்பில் இடது மணிக்கட்டு படும் இடத்தில் மூன்று மெல்லிய கோடுகள் இருக்கின்றன. வளையல். கோடுகள் பழையவை, இப்போது உங்கள் கையில் வளையல் இல்லை. ஏன் என்று கேட்க மாட்டேன். மூடிக்கொள்ள வேண்டாம், மேடம், நகம் சிக்காத கீறல்தான்.

என்னைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது நீளமாக இருக்கிறது என்று பூதமாகச் சுருக்கிவிட்டார்கள். நானும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். என் போனுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கண்ணாடி உறை ஒட்டியிருக்கிறேன், ஒரு கீறல் கிடையாது. யாரும் கூப்பிடாத போனில் கீறல் விழாதுதான்.

என் அறையில் இன்னொரு கட்டில். அதில் ஆறு வருஷமாக ஸ்கேல் இருந்தான். வரைபடப் பிரிவில் வேலை. நெட்டையாக, நேராக இருப்பான், அதனால் ஸ்கேல். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு அவன் அம்மா கூப்பிடுவாள். அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிடுவான். முதல் வருஷம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அடுத்த வருஷம், "என்னம்மா, இன்னைக்கு கால் வலி எப்படி இருக்கு?" என்று நடுவில் புகுந்தேன்.

"யாரு, பெரியவனா? அந்த மருந்து கேட்கவே இல்லடா. நீ சாப்பிட்டியா? சின்னவன் உனக்கு மிச்சம் வெச்சானா?"

நான் ஸ்கேலைவிட எட்டு மாதம் மூத்தவன். அதை எப்படியோ கேட்டுத் தெரிந்துகொண்டு என்னைப் பெரியவன் ஆக்கிவிட்டாள். எனக்கு அம்மா இல்லை என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். "இருக்கேன்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், உடனே கால் வலிக்குப் போய்விட்டாள்.

இதற்கு முன்னால் யாருக்காவது இப்படிச் செய்திருக்கிறேனா என்று போன வாரம் எழுதிக் கேட்டிருந்தீர்கள். இதையும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது அவர் லேப்டாப்பில் நிஜமாகவே கீறல் இருந்தது. மெருகு போட மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் அவர் என் ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு தன் பெண்ணுடைய பல்லைப் பற்றியும் வீட்டு மொட்டைமாடி ஒழுகுவதைப் பற்றியும் பேசினார். நாலு வருஷத்தில் என்னிடம் நாலு வார்த்தை பேசாத மனுஷர். போகும்போது கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கிளம்பிய நில அளவைக்காரர் லேப்டாப்பில் கீறல் இல்லை. எனக்கு அது குறையாகப் பட்டது. அவர் படிவத்தை நிரப்பக் குனிந்த நேரத்தில் சாவி முனையால் அந்தக் குறையைத் தீர்த்தேன். அவர் இரண்டு நாள் வந்தார், நன்றாகப் பாடுவார். அவரோடு சேர்த்து நாலு பேர். எல்லாம் மேல் கீறல், எல்லாம் நானே மெருகு போட்டு எடுத்தேன், யாருக்கும் குடி முழுகவில்லை. ஒருவர் மட்டும் தங்கை கல்யாணத்துக்கு ஒருநாள் பிந்திப் போனார். போட்டோ அனுப்பியிருந்தார், சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஸ்கேல் வேலையை விட்டது அம்மாவின் இதய ஆபரேஷனுக்காக. இனி அம்மாவோடேயே இருந்துவிடுவது என்று முடிவு. ஆபரேஷன் வெள்ளிக்கிழமை காலை. "சின்னவன் முகத்தைப் பார்த்துட்டுதான் உள்ள போவேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவனுக்கு விமானம் வியாழன் சாயங்காலம். ஆபரேஷன் தேதி எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். காலண்டரில் வட்டம் போட்டதே நான்தான்.

அவன் போவதில் எனக்கு வருத்தமில்லை, மேடம். போகிறவன் கொஞ்சம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். புதன்கிழமை அம்மாவுக்கு என் நம்பரைக் கொடுத்துவிட்டு, போனை என்னிடம் ஒப்படைத்து ஆறாவது கையெழுத்து வாங்கிக்கொண்டான். சாயங்காலம் ஆறு மணிக்குக் குளிக்கப் போனான். உள்ளே விசிலடித்தான். ஆறு வருஷத்தில் அவன் விசிலடித்து நான் கேட்டதில்லை. அவனுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். கையில் ஸ்டோர் ஜன்னல் சாவி இருந்தது. மூடியின் வலது மூலையில், நகம் சிக்காத மாதிரி ஒரு சின்னக் கீறல், அதுதான் திட்டம். அரை நாள் மெருகு. அந்த அரை நாள் அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். மத்தியானம் ஒரு மணிக்கு அம்மா என் போனில் கூப்பிடுவாள், மூன்று பேரும் ஒரு தடவை பேசுவோம். சாயங்காலம் விமானத்துக்கு நானே கொண்டு போய் விடுவேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் விசில் திடீரென்று நின்றது, என் கை அழுத்திவிட்டது. தடவிப் பார்த்தேன். நகம் சிக்கியது. பதினோரு வருஷத் தொழில்காரன் ஒரு கீறலை ஒழுங்காகப் போடத் தெரியாமல் நின்றேன்.

ஆழமான கீறலுக்கு என் கையெழுத்து மட்டும் செல்லாது. பெரிய அதிகாரியும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வியாழன், வெள்ளி விடுப்பில் இருந்தார். சனி, ஞாயிறு எல்லோருக்கும் விடுமுறை.

கண்டும் காணாமல் விட்டிருக்கலாமே என்பீர்கள். கீறல் இருக்கிறதே, மேடம். இருக்கிற கீறலை இல்லை என்று நான் எழுதியதில்லை. வியாழன் காலை எட்டு மணிக்கே ஸ்டோருக்குப் போய், முதல் வேலையாக அவன் படிவத்தை எடுத்து, மூடியின் வலது மூலையில் கோடு போட்டு, பக்கத்தில் புதன்கிழமை தேதியை எழுதிவிட்டேன். பத்து மணிக்கு அவன் வந்தான்.

"என்னடா பூதம், எனக்கே விளக்கைப் படுக்க வைக்கிறியா?"

"எல்லாருக்கும் ஒரே விளக்குதான்டா."

வெளிச்சத்தில் கோடு எழும்பியது. அவன் குனிந்து பார்த்தான். "ஐயையோ, இது எப்படா விழுந்துச்சு?"

"பையில சாவி கீவி போட்டு வெச்சியா?"

"போட்டுருப்பேன்டா. அவசரத்துல எதை எங்க போட்டேன்னே தெரியல." பழியை அவனே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். "எப்ப கையெழுத்தாகும்?"

"திங்கள்."

"நாளைக்கு ஆபரேஷன்டா."

"தெரியும்டா."

அவன் அந்த அதிகாரியின் வீடு வரைக்கும் போய் வாசலில் நின்றான். வீடு பூட்டியிருந்தது. திரும்பி வந்து என் ஸ்டூலில்தான் உட்கார்ந்தான். தேநீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. "நான் பேசினா அழுதுடுவேன். அம்மா கூப்பிட்டா நீ பேசு. அவன் திங்கள்தான் கிளம்புவான், காத்திருக்காதீங்க, நீங்க உள்ள போங்கன்னு சொல்லு. என் பேச்சைக் கேட்காது. நீ சொன்னா கேட்கும்."

மத்தியானம் ஒரு மணிக்கு அம்மா என் போனில் கூப்பிட்டாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் பேசினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கல்யாணமாகித் தனியே இருக்கும் அவன் அக்கா கூப்பிட்டாள். அம்மா ஆபரேஷனுக்குப் போகவில்லை. சின்னவன் வந்துகொண்டிருக்கிறான், வந்ததும் போகிறேன் என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாளாம். டாக்டர் திட்டிவிட்டுத் திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டாராம். ஸ்கேல் என்னைப் பார்த்தான்.

"நீ சொல்லலையா?"

"சொன்னேன்டா. அவங்க கேட்கல."

"கேட்காது. அது பிடிவாதம் அப்படி" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா மறுபடி கூப்பிட்டாள். திங்கள் மத்தியானம் பெரிய அதிகாரி வந்தார். கீறலைப் பார்க்கக்கூட இல்லை, பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஸ்கேல் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஒரு மாதத்தில் அவன் திரும்பி வந்தான். யாருமில்லாத வீட்டில் என்ன செய்வது என்று பழைய வேலைக்கே எழுதிப் போட்டிருந்தான். நான் அவன் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டிருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். போன் மேசைமேல் இருந்தது. "அம்மாவை அதோட பிடிவாதமே கொன்னுடுச்சுடா" என்றான். நான் அவன் தட்டில் என் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்தேன். தப்பாக நினைக்காதீர்கள், அந்த வாரம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அவனுக்குப் புது லேப்டாப் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய படிவம் அதே கோப்பில் இருந்தது. நானே எடுத்துக் கொடுத்தேன். வரைபடக்காரன் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நான் வியாழக்கிழமைதானே குடுத்தேன். நீ புதன்கிழமைன்னு போட்டுருக்க."

நான் எதையாவது சொல்லியிருக்கலாம். கை தவறி எழுதிவிட்டேன் என்றிருந்தால் நம்பியிருப்பான், தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டவன் இதை நம்ப மாட்டானா. ஆனால் என் படிவத்தில் தேதி தப்பு என்று ஒருத்தன் சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை.

"கீறல் புதன்கிழமைதான்டா விழுந்துச்சு" என்றேன்.

அவன் என் கையில் இருந்த சாவியைப் பார்த்தான். திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டான். படிவத்தின் நகலை உங்களுக்கு அனுப்பியிருக்கிறான். அதனால்தான் இப்போது நீங்களும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். மூடியின் வலது மூலையில் நாலு சென்டிமீட்டர் கீறல், ஆழம், ஜன்னல் சாவியால் போட்டது, போட்டவன் நான். இதற்கு முன்னால் நாலு பேர். கையெழுத்துப் போடுகிறேன்.

போனில் என்ன பேசினேன் என்றா கேட்கிறீர்கள்? ஸ்கேலே அதைக் கேட்கவில்லை.

"பெரியவனே, சின்னவன் கிளம்பிட்டானா?" என்று கேட்டாள். அவன் சொல்லச் சொன்னதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திங்கள்தான் வருவான் என்றால் ஏன் என்று கேட்பாள். கீறல் என்றால் யார் போட்டது என்று கேட்பாள். அந்தக் குரலில் என்னிடம் கோபம் வந்து நான் கேட்டதே இல்லை.

"கிளம்பிட்டான்மா, வந்துட்டே இருக்கான்" என்றேன்.

"நீ சொன்னா போதும்டா. அவன் வர வரைக்கும் நான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

பேனாவை வையுங்கள், மேடம். கீறல் கம்பெனி விஷயம், அதை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். இது எங்கள் வீட்டு விஷயம்.