அம்மா திட்டுவாங்களா?

திருவாரூரிலிருந்து நன்னிலம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவரின் தோளில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி சாய்ந்திருந்தாள்.

"இவ என்னைப் பத்தி ஏஐகிட்ட கேட்டிருக்காக்கா."

"என்னன்னு?"

"'போர்டுல எழுதுறது சரியாத் தெரியல. சொன்னா அம்மா திட்டுவாங்களா?'ன்னு. மார்க் குறைஞ்சதுக்கு நான் போட்ட சத்தம் அப்படி."

"அது என்ன சொல்லிச்சு?"

"'உங்க அம்மாவை எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். சொல்லிப் பாரு'ன்னிருக்கு. அன்னைக்கே வந்து சொல்லிட்டா. இப்பதான் கண் டாக்டரைப் பாத்துட்டு வர்றோம். கண்ணாடி போட்டாப் போதுமாம்."

"திட்டினியா?"

"எங்கே திட்டுறது அக்கா? அழுதுட்டேன்."

சிறுமி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நான்தான் சமாதானப்படுத்தினேன் பெரியம்மா."