ஏன் வர்றீங்கன்னு ஒரு பக்கம்

கனவா? அந்த வார்த்தைய மொதல்ல அடிங்க லூசியன் சார். பிரான்சுல நர்ஸா இருக்கணும்னு சின்ன வயசுலேர்ந்து கனவு கண்டாளாம் மரி-ரோஸ்! நாப்பத்தேழு வயசு எனக்கு. படிக்கிறவன் சிரிப்பான். நீங்க முப்பது வருஷம் பிரெஞ்சு வாத்தியாரா இருந்தவரு, அழகா எழுதுவீங்க, தெரியும். எனக்கு அழகு வேணாம். வேலைக்கு மனு போட, ஏன் வர்றீங்கன்னு ஒரு பக்கம் கேட்டிருக்கான், அது ரொம்பணும், அவ்வளவுதான்.

ஐயோ, உங்க மேல கோவம் இல்ல சார். பிரான்சுலேர்ந்து வந்த அந்தக் கடுதாசிய நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க. இருவத்துநாலு வருஷ சர்வீஸு, அதுல பதினெட்டு வருஷம் பிரசவ வார்டு. என் டிப்ளமா அங்க செல்லாதாம். திரும்பப் பரீட்ச எழுதணுமாம். தேறினா, எந்தெந்தப் பாடத்த நான் மறுபடி படிக்க வேணாம்னு கூடி உக்காந்து யோசிப்பாங்களாம். அதுவரைக்கும் உதவியாளரா வேணா இருந்துக்கலாமாம். என்ன தாராளம்! ஏன் சார், என் பாஸ்போர்ட்டு பிரெஞ்சு பாஸ்போர்ட்டுதானே? எங்கப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிம இருந்துச்சு, அதனால நான் பொறந்தப்பவே பிரெஞ்சுக்காரி. பொறந்தது செல்லுது, படிச்சது செல்லல. பொறக்குறதுக்கு நான் ஒண்ணும் கண்ணு முழிச்சுப் படிக்கலையே!

அப்புறம் அந்த மணிக்கணக்கு. எந்தப் பாடம் எத்தன மணி நேரம் படிச்சேன்னு காலேஜுல எழுதி வாங்கியாரணும். போயிக் கேட்டா, அந்த வருஷத்து ரிஜிஸ்டர் மழையில நனஞ்சு போச்சுங்கறாங்க. நாலு தடவ நடந்தேன். கடைசியில ஒரு கிளார்க்கு பழைய பாடத்திட்டத்தத் தேடி எடுத்து, எழுதி, சீல் வச்சுக் குடுத்தாரு. அதுலயும் ஒரு கட்டத்துல சைபரு. வயசானவங்களப் பராமரிக்கிறதுன்னு தனிப் பாடம் எங்க காலத்துல கெடையாது. எல்லா வார்டுலயும்தான் வயசானவங்க கெடந்தாங்க, தனியா என்ன பாடம்? அவன் அந்தச் சைபரப் பாத்துட்டு, இவளுக்கு ஒரு கெழவியத் திருப்பிப் படுக்கவைக்கத் தெரியாதுன்னு நெனச்சுக்குவான்.

குரும்பகரத்துப் பொண்ணு ஒருத்தி ஆட்டோவுல வந்தா. கொழந்தையோட காலு மட்டும் வெளிய வந்துடுச்சு. டாக்டரு மாடியில ஆபரேஷன்ல இருக்காரு. ஆஸ்பத்திரி வாசல்லயே, ஆட்டோ சீட்டுலயே வச்சு எடுத்தேன். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அதுக்கு ஏழு நிமிஷம் ஆச்சு சார். அத எந்தக் கட்டத்துல எழுதுறது, சொல்லுங்க?

ஆங்? இல்லல்ல, நர்ஸ் வேலைக்கு இல்ல. பரீட்ச எழுதி, தேறி, பாக்கிப் பாடத்தப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள தலையெல்லாம் நரச்சுடும். முதியோர் இல்லத்துல உதவியாளர் வேலைக்குத்தான். குளிப்பாட்டுறது, தொடைக்கிறது, ஊட்டி விடுறது. ஊசியத் தொடக் கூடாது. என்கிட்ட வேல கத்துகிட்ட பொண்ணுங்க ஜெர்மனியில நர்ஸா நிக்குதுங்க. நான் போயி இருவது வயசுப் பொண்ணு சொல்றத கேட்டு நடக்கணும். எங்க ஆஸ்பத்திரி மேட்ரன் சொர்ணாம்பாள் மேடம் ராஜினாமாவ வாங்கி வச்சுகிட்டு, இங்க ஊரே சிஸ்டர்னு கூப்புடுது, அங்க போயி பீத்துணி மாத்தப் போறியாடின்னாங்க. ஆமா மேடம்னேன். வேற என்னத்தச் சொல்றது?

சம்பளமா? சம்பளத்துக்குப் போறதுன்னா எப்பவோ வளைகுடாவுக்குப் போயிருப்பேனே. இல்ல சார், வேற இல்லம் எதுவும் வேணாம். நூறு இருக்கட்டும். நான் கேக்குறது அந்த ஒண்ணத்தான். அங்க ரெண்டாவது மாடியில எங்கம்மா இருக்காங்க.

அப்பா செத்தப்புறம் தம்பி பஸ்கால் அங்க அவன் வீட்டுக்குக் கூட்டிகிட்டுப் போனான். போன வருஷம் பக்கவாதம். புருஷனும் பொண்டாட்டியும் வேலைக்குப் போறவங்க, பாத்துக்க முடியல, அந்த இல்லத்துல சேத்துட்டான். இங்க கூட்டியாரலாம்னா, ஃபிளைட்டு தாங்காதுங்கறாரு டாக்டரு. மெர்சி, போன்ழூர் தவிர அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஒரு ஞாயித்துக்கெழம வீடியோவுல பேசிகிட்டிருக்கேன். தம்பி போனக் கட்டில்ல சாச்சு வச்சுட்டுக் கீழ போயிருக்கான். வேல செய்யிற பொண்ணு ஒருத்தி உள்ள வர்றா. அம்மா தண்ணிங்கறாங்க. அவ சிரிச்சுகிட்டே போர்வைய இழுத்துப் போத்துறா. திரும்பத் தண்ணிங்கறாங்க. தலவாணியச் சரி பண்றா. நல்ல பொண்ணு சார், கொற சொல்லக் கூடாது. ஆனா ஒதடு காஞ்சு வெடிச்சுக் கெடக்கறது எனக்கு இங்கேர்ந்தே தெரியுது. தண்ணிக்குப் பிரெஞ்சுல எனக்குத் தெரிஞ்ச மாதிரி, துலோ, துலோன்னு கத்துறேன். அவ ஹலோன்னு நெனச்சுகிட்டு எனக்குக் கைய ஆட்டுறா.

ஆமா, தம்பி வந்துதான் குடுத்தான். அந்த ஒரு வார்த்தைய எழுதிச் செவுத்துல ஒட்டிட்டான். சரி. வலிக்குதும்பாங்க, குளுருதும்பாங்க, ராத்திரி பயமா இருக்கும்பாங்க. எத்தனைய ஒட்டுறது?

ஐயோ, இத எழுதிடாதீங்க சார்! சொந்தக்காரங்க இருக்கற எடத்துல வேலைக்கு எடுக்க மாட்டாங்களாம், பஸ்கால் சொல்றான். நல்லவேள, கல்யாணத்துக்கப்புறம் என் குடும்பப் பேரு வேற. முதியோர் சேவ அது இதுன்னு நீங்களே எதாச்சும் எழுதிக்குங்க. கையெழுத்து எங்க போடணும்?