சிங்கத்தின் முதுகுப் பக்கம்

யுர்ரியன்: மூணு கில்டர் கூலி, மச்சான். ஒரு வம்சத்தோட நானூறு வருஷத்து மானத்துக்கு மூணே மூணு கில்டர். அதுலயும் உளி தீட்டுற செலவு என்னோடதாம்.

ஃபொக்கோ: மானத்தை வாங்கவா குடுக்கிறாங்க? வெட்டிப் போடத்தானே. அதுக்கு மூணு அதிகம்... ஏறு தச்சா, ஏறு. மத்தியானம் அரசாங்க ஆணையர் பாக்க வந்துடுவார்.

யுர்ரியன்: ஏறுறேன். இந்தப் பெஞ்சைப் பாரேன்... கோயிலுக்கு ஒரு கூரை. அதுக்குள்ள மாளிகை அம்மா உக்கார்ற பெஞ்சுக்குத் தனியா இன்னொரு கூரை. ஆண்டவர் மேலேருந்து ஒழுகுவார்னு பயமா?

ஃபொக்கோ: அவங்க தூங்குறது அவர் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு. இத்தனை வருஷமா இங்க மணியடிச்சுக் கூட்டிப் பெருக்குறேன், எனக்குத் தெரியாதா?

யுர்ரியன்: கூரை உச்சியில குலச்சின்னம் வேற. வாயைப் பொளந்த சிங்கம், கையில கதிர்க்கட்டு. அறுக்கிறது நாம, பிடிச்சுக்கிட்டு நிக்கிறது அது.

ஃபொக்கோ: அதான் பிரெஞ்சுக்காரன் படையோட வந்தானே. நம்ம டச்சுக்காரங்க எல்லாரும் ஒரே நாள்ல சமமாயிட்டோம். இனி எந்தக் கோயில்லயும் குலச்சின்னம் இருக்கக் கூடாதுன்னு ஹேக்லேருந்து புதுக் குடியரசோட சட்டம். வெட்டுப்பா.

யுர்ரியன்: வெட்டுறேன்... உளி கொஞ்சம் மழுங்கலா இருக்கு.

ஃபொக்கோ: இப்பத்தான் தீட்டினேன்னு சொன்னே?

யுர்ரியன்: திரும்ப மழுங்கிடுச்சு. குளிருல்ல.

ஃபொக்கோ: குளிர்ல உளி மழுங்குமா! பட்டறைல இதைத்தான் கத்துக் குடுத்தாங்களா? ... சரி சரி, அவசரமில்ல. நிதானமாவே செய்.

யுர்ரியன்: என்ன மச்சான், இப்பத்தான் ஏறு ஏறுன்னு குதிச்ச?

ஃபொக்கோ: குதிச்சேன்... அப்புறம் யோசிச்சேன். மத்தியானம் சிங்கம் அங்க இருந்தா என் வேலை போச்சு, வேலையோட குடுத்த வீடும் போச்சு. சரி, சிங்கத்தை வெட்டிட்டோம்னு வை. இங்கிலாந்துக்கு ஓடின இளவரசர் நாளைக்கே திரும்பி வந்துட்டா? என் வீடு நிக்கிற மண்ணு யாரோடது?

யுர்ரியன்: மாளிகை அம்மாவோடது.

ஃபொக்கோ: அப்பவும் வீடு போச்சு. உன் பொண்டாட்டி என் தங்கச்சி. நான் ஆறு பிள்ளைங்களோட வந்து படுக்கிற இடம் உன் பட்டறைதான்.

யுர்ரியன்: ஐயையோ! வெட்டவே வேண்டாம்.

ஃபொக்கோ: வெட்டாம எப்படி? தொப்பியில குடியரசு ரிப்பன் குத்தின ஆளு நான்.

யுர்ரியன்: ரிப்பன் பாட்டுக்குத் தொப்பியில இருக்கட்டும். இது ஒத்தைப் பலகை, நாலு மர ஆணி. போதகர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, கழட்டி, சிங்கத்தைச் செவுத்துப் பக்கமாத் திருப்பி...

ஃபொக்கோ: போதகருக்குக் காய்ச்சல். காலையிலேருந்து போர்வையை விட்டுத் தலையை நீட்டல. அதுவும்போக, நீ சொல்றது குடியரசுக்கே துரோகம்!

யுர்ரியன்: துரோகம்தான்.

ஃபொக்கோ: ... சுத்தியலை அங்க ஏன் தேடுற? இந்தா.

யுர்ரியன்: எப்ப எடுத்த?

ஃபொக்கோ: தற்செயலாக் கையில இருந்துச்சு.

யுர்ரியன்: ம்... வந்துடுச்சு. பிடி, பிடி, கனம். திருப்பு... மச்சான்.

ஃபொக்கோ: என்ன?

யுர்ரியன்: இந்தப் பக்கமும் ஒருத்தர் இருக்கார்.

ஃபொக்கோ: யாரு?

யுர்ரியன்: வரைஞ்ச படம். தாடி. தடி. மணி. கால்கிட்ட... பன்னி.

ஃபொக்கோ: வனத்து அந்தோனியார்! இருநூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம சபை கத்தோலிக்கத்தை விட்டப்ப, புனிதர் படத்தையெல்லாம் கொளுத்தச் சொன்னாங்களே...

யுர்ரியன்: அப்போ இங்க மணியடிச்சது யாரு?

ஃபொக்கோ: எங்க கொள்ளுத்தாத்தாவோட தாத்தா.

யுர்ரியன்: பரம்பரைப் புத்தி. அவரும் திருப்பித்தான் மாட்டியிருக்கார். சும்மா கிடந்த முதுகுல மாளிகைக்காரங்க சிங்கத்தைச் செதுக்கிட்டாங்க.

ஃபொக்கோ: சிங்கம் தெரிஞ்சா குடியரசு என்னைத் தொலைக்கும். புனிதர் தெரிஞ்சா நம்ம சபையே என்னைத் தொலைக்கும். இப்ப என்னடா பண்றது?

யுர்ரியன்: பலகைக்கு மூணாவது பக்கம் செய்ய எனக்குத் தெரியாதுப்பா.

ஃபொக்கோ: சுண்ணாம்பு! ஈஸ்டருக்குச் செவுத்துல அடிக்கக் கரைச்சது வாளியில இருக்கு. சிங்கம் உள்ள, தாடிக்காரர் மேல வெள்ளை. இந்தச் செவுத்து வெள்ளைக்கு அடியில எத்தனை புனிதர் படமா நிக்கிறாங்கன்னு நினைச்ச? பன்னிரண்டு சீடரும் உள்ளதான் இருப்பாங்க.

யுர்ரியன்: அந்தோனியாரே, கண்ணை மூடிக்குங்க, எரியும்.

ஃபொக்கோ: பேசாம அடி... குதிரைச் சத்தம்! மாட்டு, மாட்டு! ... வாங்க, வாங்க, ஆணையர் ஐயா!

ஆணையர்: ஐயா கிடையாது. குடிமகன்.

ஃபொக்கோ: சரிங்க, குடிமகன் ஐயா.

ஆணையர்: சிங்கம் போச்சா?

யுர்ரியன்: நீங்களே பாருங்க. ஒரு பிடரி மயிர் கூட இல்ல.

ஆணையர்: பலகை ஏன் இவ்வளவு ஈரம்?

ஃபொக்கோ: சமத்துவம் புதுசுதானுங்களே. இன்னும் காயல.

ஆணையர்: சுண்ணாம்பு காஞ்சாத்தான் வெளுக்கும். ஈரத்துல கண்ணாடி மாதிரி. செவுரு செவுரா அடிக்கிறவங்களுக்கு இது தெரியாதா? எனக்கு அங்க ஒரு தாடி தெரியுது.

ஃபொக்கோ: மரத்து ரேகையா இருக்கும்ங்க.

ஆணையர்: தாடிக்குக் கீழ ஒரு பன்னி.

யுர்ரியன்: நல்ல பன்னிங்க.

ஆணையர்: எனக்குக் குடுத்த உத்தரவுல சிங்கம்னு இருக்கு. பன்னியைப் பத்தி ஒண்ணும் இல்ல. சின்னம் நீக்கியாச்சுன்னு எழுதிடறேன்.

ஃபொக்கோ: அப்ப என் வேலை?

ஆணையர்: இருக்கு. வீடும் இருக்கு... சிங்கத்தைப் பத்திரமா உள்ள வச்சிட்டீங்கல்ல?

யுர்ரியன்: எந்தச் சிங்கம்ங்க?

ஆணையர்: நடிக்காதே. சிங்கத்துக்குக் கீறல் விழாமப் பாத்துக்கிட்டா, பன்னி அறுக்கிற அன்னைக்கு எனக்கு ஒரு முன்னங்கால்னு மாளிகை அம்மா சொல்லியிருக்காங்க. வர்ற வழியில மாளிகைக் கதவைத் தட்டினேன், யாரும் திறக்கல. உங்ககிட்டக் குடுத்து வச்சாங்களா?

யுர்ரியன்: முன்னங்காலா? எனக்குப் பின்னங்கால்னுல்ல சொன்னாங்க!

ஃபொக்கோ: அடப்பாவி! அதான் உன் உளி மழுங்குச்சா?

யுர்ரியன்: உன் கையில தற்செயலா ஒரு சுத்தியல் இருந்துச்சே, அது எந்தக் கால்?

ஃபொக்கோ: இன்னொரு பின்னங்கால்.

ஆணையர்: அப்ப மிச்சம் ஒரு முன்னங்கால்.

ஃபொக்கோ: போதகருக்கு. இல்லன்னா இன்னைக்குன்னு பாத்து அவருக்கு எதுக்குக் காய்ச்சல் வருது?

ஆணையர்: விடியறப்ப எல்லை தாண்டி எம்டன் ஊருக்குப் போற படகுல பட்டுத் தொப்பி போட்ட ஒரு அம்மா ஏறினாங்களாம், கூடவே கொழுத்த பன்னி ஒண்ணுன்னு படகுத்துறையில பேசிக்கிட்டாங்க. வேற யாரோன்னு நினைச்சேன்...

ஃபொக்கோ: நாலு காலுக்கும் கணக்குச் சரியாப் போச்சு. பன்னிதான் இல்ல.

யுர்ரியன்: ஏன், ஊர்ல இன்னும் ஒண்ணு இருக்கே, அந்தோனியார் காலடியில. அதுக்கும் ஒரு பூச்சு பாக்கி.