கிள்ளிப் பிடிக்காத தோள்

பிசியோ: ...அக்கா கதையை விடுங்க மாமா. காலையில தோள்ல ஊசி போட்டேன்ல, இப்ப எப்படி இருக்கு?

மாமா: பிரமாதம் மேடம். வலி போன இடம் தெரியல.

பிசியோ: இருமுறீங்களே...

மாமா: தொண்டை கரகரப்பு. ஒரு இருமலுக்கு உங்கக்காகூட இவ்வளவு விசாரிக்க மாட்டா.

பிசியோ: மூச்சை நல்லா இழுங்க பாப்போம்.

மாமா: ஸ்ஸ்... ம்க்.

பிசியோ: மாமா?

மாமா: இழுத்தாச்சு.

பிசியோ: பாதியில நின்னுடுச்சு.

மாமா: போன்லயே கண்டுபிடிச்சுட்டியா? பெரிய ஆளுதான்!

பிசியோ: பின்னாடி யாரோ நம்பர் கூப்பிடறாங்க. எங்க இருக்கீங்க?

மாமா: பேங்க்ல.

பிசியோ: ஞாயித்துக்கிழமை எந்தப் பேங்க்?

மாமா: ...நீ எதுக்கு போன் பண்ணே? அதைச் சொல்லு முதல்ல.

பிசியோ: தோள் மேல குத்தறப்ப சதையைக் கிள்ளித் தூக்கிப் பிடிக்கணும். அடியில நுரையீரல் இருக்கு. நான் பிடிச்சேனா?

மாமா: எனக்கென்ன முதுகுலயா கண்ணு?

பிசியோ: கிள்ளினா வலிக்கும்ல!

மாமா: கிள்ளின மாதிரிதான்... இருந்துச்சு.

பிசியோ: பொய். நான் கிள்ளவே இல்ல. சின்ன ஊசி தீந்துபோச்சு, நீளமானதை எடுத்து நேரா இறக்கிட்டேன்.

மாமா: மருந்தே இல்லாத வெறும் ஊசி, இறுகின தசையை இளக்கக் குத்தறது. அது என்ன பண்ணிடப்போகுது?

பிசியோ: நுரையீரல்ல ஓட்டை போடும். எந்த ஆஸ்பத்திரி மாமா?

மாமா: ...உன் கிளினிக் தெருவுலயே இருக்கே, அது.

பிசியோ: ஊசி போட்டதைச் சொன்னீங்களா?

மாமா: படிக்கட்டுல விழுந்தேன்னு சொன்னேன்.

பிசியோ: ஐயோ!

மாமா: கத்தாதே. விலா எலும்பைத் தட்டிப் பாத்தாங்க, உடையலயாம். மாத்திரை குடுத்து வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. செருப்பு மாட்டிட்டிருக்கேன்.

பிசியோ: வாசலைத் தாண்டாதீங்க! திரும்பிப் போய் ஊசின்னு சொல்லுங்க. எக்ஸ்ரே எடுக்கணும்.

மாமா: சொன்னா யாரு போட்டான்னு கேப்பாங்க. போன மாசம்தான் கிளினிக் திறந்தே. இழுத்து மூடிடுவாங்க.

பிசியோ: மூடட்டும்.

மாமா: ஏம்மா, முறையா பயிற்சி எடுத்தவதானே நீ? கை தவறுறது யாருக்கும் நடக்கும். அதுக்குப் போய்...

பிசியோ: டாக்டர்கிட்ட போனைக் குடுங்க மாமா, நானே சொல்றேன். இந்த ஊசிக்குப் பயிற்சி ரெண்டு நாள். முதல் நாள் கை, காலு. தோளும் நெஞ்சும் மறுநாள்... முதல் நாளே ரெண்டு நாளும் வந்ததா கையெழுத்து வாங்கிட்டாங்க, மறுநாள் நான் போகல.