ஒருவர் கூடாரம்

மலைக்குப் போகிறவர்களுக்குக் கடலைமிட்டாய் நல்லது. கெட்டுப்போகாது, தெம்பு கொடுக்கும், பையில் இடத்தையும் அடைக்காது. மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கும் அந்தச் சின்னப் பைக்குள் அது எப்படி வந்தது என்று கேட்டீர்கள். நான்தான் வைத்தேன். நீங்கள் செகந்திராபாத்தில் வளர்ந்த தமிழராக இருப்பது எனக்கு வசதி, இன்ஸ்பெக்டர். தெலுங்கில் இவ்வளவு நிதானமாக எனக்குச் சொல்ல வராது.

என் மனைவி சாஹித்யா தனியாக மலையேறப் போகிறேன் என்றபோது, கூடாரம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கொண்டாப்பூர் ஃபிளாட்டிலிருந்து அவள் செருப்புவரை எல்லாம் நான் தேர்ந்தெடுத்ததுதான். முதுகில் சுமக்கும்போது ஒவ்வொரு கிராமும் கனக்கும். அவளுடைய டூத் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தேன். சட்டைகளிலிருந்த லேபிள்களை வெட்டினேன். எல்லாவற்றையும் சமையலறை எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன்.

"ரெண்டு பேர் படுக்கற டென்ட்டே வாங்கிடலாமே. ஒரு தேங்காய் வெயிட்தான் கூட," என்றேன்.

"நக்கோ மாதவ், வேணாம். எனக்கு ஒருத்தர் டென்ட் போதும். திரும்பி வந்ததும் நாச்சாரத்துல அக்கா வீட்டுக்குப் போயிடறேன். நீ என்னையும் மெஷின்ல வெச்சு எடை போட்டுட்டே இருக்கே. என்னால முடியல."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

ஒருவர் கூடாரமே வாங்கினேன். நல்ல கூடாரம், குறை சொல்ல முடியாது. அதற்கென்று கம்பிகள் கிடையாது. நடக்கும்போது ஊன்றும் கோல்களையே நிறுத்தி, சுற்றிலும் கயிற்றை இழுத்து ஆணி அடிக்க வேண்டும். கயிறும் ஆணியும் இல்லையென்றால் அது வெறும் துணி. மொட்டைமாடியில் போட்டுப் பழகினோம். சிமெண்ட்டில் ஆணி இறங்காதென்று கயிறுகளைப் பூந்தொட்டிகளில் கட்டினாள். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு வெகுநாளாகியிருந்தது. எனக்கு இடமில்லாத இடத்தில் சிரிக்கிறாளே என்று வயிறு எரிந்தது.

கூடாரத்தை மடித்து மூட்டை கட்டியது நான். அவள் அதை மெஷினில் வைத்துப் பார்த்தாள், என்னிடமிருந்து தொற்றிய பழக்கம். எடை சரியாக இருந்தது. பிரித்துப் பார்க்கவில்லை. எடை சரியென்றால் எல்லாம் இருக்கிறது என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இந்தச் சின்னப் பையிலிருந்த கயிறுகளையும் ஆணிகளையும் எடுத்துவிட்டு, அதே எடைக்குக் கடலைமிட்டாய் போட்டிருந்தேன். கல்லையும் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. அவளுக்குக் கடலைமிட்டாய் பிடிக்கும்.

வழியில் கிராமத்து வீடுகளில் தங்குவாள், கணவாய்க்கு அருகில்தான் முதன்முதலாகக் கூடாரத்தைப் பிரிப்பாள் என்று எனக்குத் தெரியும். பாதையைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தானே. அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. போனும் வேலை செய்யாது. அந்த மாதத்தில் காற்றும் பனிமழையும் தப்பாது.

ஆடு மேய்ப்பவர்கள் பார்த்தபோது கூடாரத் துணியைச் சுற்றிக்கொண்டு சுருண்டு கிடந்தாள் என்றீர்கள். மிட்டாயில் கொஞ்சம் சாப்பிட்டிருந்தாள் என்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டு மனசு லேசானது. பசியோடு போகவில்லை.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இருவர் கூடாரம் வாங்கலாம் என்று நான் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு தேங்காய் எடைதான் கூடியிருக்கும். அதையும் அவளைச் சுமக்க விட்டிருக்க மாட்டேன்.