தரை காயும் வரை

மொசைக் தரையில் சோடா உப்பை நேராகக் கொட்டித் தேய்க்கக் கூடாது ஐயா. நிறையப் பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். அதையும் நன்றாக அலசிவிடாவிட்டால் தரை வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போகும். ஆசிட் பக்கமே போகக் கூடாது, அது பளபளப்பைத் தின்றுவிடும்.

நடந்ததை என் வாயால் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். உடம்பெல்லாம் அலுப்பாக இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். ஏட்டய்யா எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் தேவராஜ். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் இறங்குகிற ரோட்டில் கான்ட்ராக்டர் முதலாளியின் பங்களாவுக்கு ஆறு வருஷமாக வாட்ச்மேன். பேர்தான் வாட்ச்மேன், பார்த்ததெல்லாம் கழுவுகிற வேலை. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் நின்றேன். அந்த நாற்றம் எந்தச் சோப்புக்கும் போகாது. பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுவார். என் கூடப்பிறந்த தங்கச்சியே அவள் கல்யாணத்தில் என்னைப் பந்தியில் உட்கார வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னாள். அன்றைக்குப் பட்ட வேதனை இன்னும் தீரவில்லை. இந்த மலைக்கு வந்த பிறகுதான் என்னைச் சுத்தமான மனுஷன் என்று நாலு பேர் சொன்னார்கள்.

போன சனிக்கிழமை நடந்தது இது. மறுநாள் காலை முதலாளியின் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் பங்களாவுக்கு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமையே முதலாளி வந்து பார்த்துவிட்டு, ஹாலில் ஒரு டீக்கறைக்காக டிரைவர் எதிரிலேயே என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார். மாட்டுத்தோல் கழுவின கைக்கு மொசைக்கின் அருமை எங்கே தெரியும் என்றார். சனிக்கிழமை விடிந்ததிலிருந்து தேய்த்தேன். கிணறு வற்றிவிட்டதால் ஓடையிலிருந்து இருபது குடம் சுமந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு ஹாலில் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

அப்போதுதான் ரங்கன் உள்ளே வந்தான். கூரைமேல் சாய்ந்த பலாக்கிளையை வெட்ட முதலாளி அமர்த்திய மலை ஆள். நல்லவன்தான், எனக்குத் தேன்கூடெல்லாம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். கத்தி நழுவித் தொடையில் ஆழமாக இறங்கியிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டிருக்கலாம். ஹாலின் நடுவே நடந்து வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, இறுக்கிக் கட்றதுக்கு எதுனா துணி குடுண்ணா. மூணு மணி பஸ்ஸை நிறுத்தி ஏத்தி வுட்டுடு" என்றான்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அடிக்கவோ திட்டவோ இல்லை. கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போய்ச் சாய்த்து உட்கார வைத்தேன். அங்கே தண்ணீர் போக வழி இருக்கிறது. பீரோவில் இருந்தது முதலாளியின் வெள்ளைத் துண்டுகள், அவற்றில் கை வைக்க முடியுமா? ஒரு கோணிச்சாக்கைக் கொடுத்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டான். அலசுவதற்கு மூன்று குடம்தான் பாக்கி இருந்தது, இருந்தும் ஒரு சொம்பு கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய்.

பிறகு தரைக்கு வந்தேன். ரத்தம் காய்வதற்குள் பச்சைத் தண்ணீர் பட வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர், சோடாத் தெளிவு, சோப்பு, மறுபடி பச்சைத் தண்ணீர், கடைசியில் கொஞ்சம் பினாயில். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது. பஸ் ஹாரன் கொண்டை ஊசி வளைவில் கேட்டபோது தரை முழுக்க சோடாத் தண்ணீர் நின்றது. அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடியிருந்தால் பூத்திருக்கும். அவனைத் தூக்கிப்போகக் கண்டக்டரும் செருப்புக்காலோடு உள்ளே வந்திருப்பார். பஸ் போய்விட்டது. அடுத்தது ஆறு மணிக்கு இருக்கிறதே என்று நினைத்தேன்.

மூன்றரைக்கு அவன் பெண்சாதி பாஞ்சாலை சாமைச்சோற்றுத் தூக்கோடு வந்தாள். அவள் காலெல்லாம் செம்மண். வாசலிலேயே நிறுத்தினேன்.

"எங்க வூட்டுக்காரரு இன்னா பண்றாருங்கண்ணா?" என்று கேட்டாள்.

"குளிக்கிற ரூம்ல கீறான். தரை ஈரமா கீது, காயட்டும். அப்பறமா போ" என்றேன்.

அவன் குளியலறையில்தானே இருந்தான், அதனால் அதில் பொய் எதுவும் இல்லை. அவள் படியில் உட்கார்ந்து, சின்னப் பையனுக்குக் காய்ச்சல் விட்டதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். குரல் ரொம்ப மெல்லிசாக இருந்தது, எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. நான் துடைப்பத்தை எடுத்து வாசலைக் கொஞ்சம் சத்தமாகப் பெருக்கினேன். அவள் மண்ணைக் கொட்டியிருந்தாள், பெருக்கத்தானே வேண்டும்.

நாலரைக்குத் தரை காய்ந்தது. காலைக் கழுவிக்கொண்டு போகச் சொன்னேன், கழுவிக்கொண்டுதான் போனாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் ஓடையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். அவ்வளவு பேரும் ஹாலில் மிதித்தார்கள்.

மூன்று மணி பஸ்ஸில் ஏற்றியிருந்தால், ஒரு துண்டால் கட்டியிருந்தாலே கூட, பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். அவர் படித்தவர். அவனைச் சாகவிட வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. பாஞ்சாலையின் முகம் கண்முன் நிற்கிறது, சோறு இறங்கவில்லை.

குளியலறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டது யார் என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது என்றே சொல்லிவந்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? நான்தான் போட்டேன். பாஞ்சாலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் தவழ்ந்து ஹால் வரைக்கும் வந்து, அலசி முடித்த இடத்தில் கையை ஊன்றிவிட்டான். திரும்ப உள்ளே இழுத்துவிட்டேன். இன்னொரு தடவை துடைக்க எனக்குத் தெம்பு இல்லை ஐயா.